பத்தாவது இடம்

நவம்பர் 4, திங்கள்

தடகளச் சங்கத்தில் இருந்து போன். ஜனவரியில் சங்கத்துக்கு ஐம்பதாவது ஆண்டாம், மலர் போடுகிறார்களாம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாநிலத்தின் எக்காலத்துக்கும் சிறந்த பத்துப் பேர் பட்டியல் அதில் வருமாம். பெண்கள் மாரத்தானில் நான் பத்தாவது. இதைச் சொல்லவா கூப்பிட்டாய், எனக்குத் தெரியாததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் அடுத்ததைச் சொல்லிவிட்டாள். பழைய பந்தயங்களின் பாதை நிஜமாகவே நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சொச்சமும் இருந்ததா என்று அளந்து பார்க்கிறார்களாம். குறைந்தால் அந்தப் பந்தயத்தின் நேரங்கள் செல்லாது.

"மத்ததெல்லாம் பாத்தாச்சு மேடம். உங்க தூத்துக்குடி ரேஸ் ஒண்ணுதான் பாக்கி. அளக்க ஒருத்தர் வருவார், ரூட் காட்டிடுங்க."

வைத்துவிட்டாள். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. செல்வின் ஒன்றும் சொல்லாமல் மேலாக எடுத்து ஊற்றிக்கொண்டார். எப்போது பேசக்கூடாது என்பதை என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வருடமே கற்றுக்கொண்டுவிட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

வலது முட்டி வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் போகவில்லை. போனால் ஆபரேஷனுக்குத் தேதி கேட்பார். முட்டியை எடுத்துவிட்டு உலோகத்தில் வேறொன்று வைப்பாராம். ஜனவரி கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 7, வியாழன்

தபால் அலுவலகத்தில் கூட்டமே இல்லை. கவுன்டரில் உட்கார்ந்து போனில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. புண்ணைச் சொறிகிற மாதிரிதான்.

தொண்ணூற்றிரண்டு பிப்ரவரியில் நான் முதல் இடம். இந்த ஊர்ச் சாலையில் ஓடி மதுரை லூர்து டீச்சரை இரண்டாவதுக்குத் தள்ளினேன். டீச்சர் எண்பதுகளில் கான்வாஸ் ஷூ போட்டு ஓடியவர். அவர் ஓட வந்தபோது பெண்களுக்கு மாரத்தான் ஆகாது, உடம்பு கெட்டுப்போகும் என்று சொன்ன ஆட்கள் சங்கத்துக்குள்ளேயே இருந்தார்களாம். அன்றைக்கு என் கையைப் பிடித்து, "முட்டியப் பாத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னார். நான் யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லை.

பிறகு இறங்குமுகம். நான்கு வருடத்தில் இரண்டாவது. ரயில்வே பெண்கள் ஓட வந்ததும் ஐந்தாவது, ஆறாவது. ஆறில் பத்து வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அதுதான் என் பொற்காலம். பிறகு எனக்கு மேலே இருந்த இரண்டு பேர் மருந்து போட்டு ஓடினார்கள் என்று பெயரை அடித்தார்கள், நான் நான்காவதுக்கு ஏறினேன். சாயங்காலம் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று செல்வின் கேட்டபோது சும்மாதான் என்றேன். அப்புறம் வந்ததே இந்தத் தடித்த அடி ஷூ, பஞ்சு மெத்தைக்குள் தகடு வைத்த மாதிரி! மூன்று வருடத்தில் மடமடவென்று ஆறு இடம். இப்போது பத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

உலகப் பட்டியலும் இப்படித்தான். நான் ஓடிய நாளில் உலகத்திலேயே வேகமான பெண்ணின் நேரம் இரண்டு மணி இருபத்தோரு நிமிடம். சுவரில் எழுதி ஒட்டி வைத்திருந்தேன், மனுஷியால் இதற்கு மேல் முடியாது என்று நினைத்தோம். இன்று அந்த நேரத்தைத் தேடினால் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போகவேண்டியிருக்கிறது. அவளுக்கே அந்தக் கதி என்றால் எனக்கென்ன?

என்று எழுதிவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. உப்பளமெல்லாம் தண்ணீர். அளக்க வருகிறவர் தேதியைத் தள்ளிவிட்டார். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். "தரை தேஞ்சிரும் எப்சி, கொஞ்சம் உக்காரு" என்றார் செல்வின். ஹெப்சிபா என்ற பெயரைச் சுருக்கி முதலில் கூப்பிட்டவர் அவர்தான். உட்கார்ந்தேன். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 16, சனி

ஈரோட்டில் இருந்து வசந்தமணி. நான் போனை எடுப்பதற்கு முன்பே சிரிப்பாள்.

"ஏனுங்க்கா, இன்னும் பத்துல இருக்கறீங்களா? எறங்குனீங்கன்னா சொல்லியுடுங்க, எடம் புடிக்கோணும்."

அவள் பதினொன்றாவது. தொண்ணூற்றெட்டில் ஓடியது. எனக்கும் அவளுக்கும் நாற்பத்தைந்து நொடி வித்தியாசம். இரண்டு பேரும் ஒன்றாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம். நான் ஒரு படி இறங்கினால் அவளும் ஒரு படி. பட்டியலில் பத்துப் பேரைத்தான் போடுவார்கள் என்பதால், வருடக்கணக்காக வாசலில் நிற்கிறவள் என்று தன்னையே கேலி செய்துகொள்வாள். இப்போது மாவு மில் வைத்திருக்கிறாள்.

"உன் பந்தயத்த அளந்துட்டாங்களா?"

"அதெல்லாம் போன மாசமே அளந்தாச்சுங்க. சுத்தமா இருக்குதாம். எம்பட பேரன்கிட்டச் சொன்னனுங்க, அவன் எத்தனாவதுன்னு கேட்டான். பதினொண்ணுன்னு சொன்னா, அப்ப புஸ்தகத்துல வராதான்னு கேக்கறான். என்னத்தச் சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வைத்த பிறகு ஏனோ எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். பாதை செல்லும்!

அளக்க வந்தவர் பெயர் சுதர்சனம். சென்னையில் வங்கி வேலை, விடுமுறை நாட்களில் இந்த வேலை. காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே வந்துவிட்டார். சைக்கிளின் முன்சக்கரத்தில் ஒரு சின்ன எண்ணிக்கைக் கருவி. முதலில் துறைமுகச் சாலையில் இரும்பு நாடாவால் நேர்கோடு அளந்து, அதன்மேல் நான்கு தடவை ஓட்டிச் சக்கரத்தைச் சரிபார்த்தார். காலையில் ஒரு தடவை, எல்லாம் முடிந்தபின் மறுபடி ஒரு தடவை. வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரியுமாம், அதற்குக்கூடக் கணக்கு. வளைவுகளில் ஓரத்தை ஒட்டியே போனார். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே.

கடற்கரை மைதானத்தில் தொடங்கி, ஊருக்குள் சுற்றி, தெற்கே உப்பளச் சாலையில் போய்த் திரும்புகிற பாதை அது. அப்போது உப்புக் கம்பெனி அலுவலகம் இருந்த இடத்தில் இன்று சுவர் மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு பூவரச மரம். அந்தச் சாலையில் வேறு மரமே கிடையாது. அதன் கீழே நின்று பிளாஸ்கில் இருந்து காபி குடித்தோம். பிறகு அவர் மறுபடி சைக்கிளை மிதித்தார். சாலை வளைந்து போய், கல்வெட்டு என்று நாங்கள் சொல்கிற சின்ன வாய்க்கால் பாலத்துக்கு வந்தது. பழைய வரைபடத்தில் திருப்பம் இந்தக் கல்வெட்டு என்றுதான் போட்டிருக்கிறது.

"இங்கதானே திரும்பினீங்க மேடம்?"

"ஆமா" என்றேன். வரைபடத்திலேயே இருக்கிறதே.

முடித்துக் கணக்குப் போட்டபோது முப்பது மீட்டர் கூடவே வந்தது. "அந்தக் காலத்துல ஜீப் மீட்டரைப் பாத்துப் போட்ட ரூட்டெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கும். உங்களுது பிரமாதம்" என்றார். நடுச்சாலையில் அழுதுவிடுவேனோ என்று பயந்து மக்ரூன் கடைக்கு ஓட்டினேன். ஒரு கிலோ வாங்கினேன்.

கிளம்பும்போது ஒரு விஷயம் கேட்டார். திருப்பத்தில் நின்றவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது விதி. அந்த ஆள் இருக்கிறாரா, தேட வேண்டுமா?

"தேடவே வேண்டாம் சார். எங்க வீட்டுலதான் இருக்காவ, மீன் பொரிச்சிட்டு."

அவர் விழித்த விழியைப் பார்க்கவேண்டுமே.

சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தேன். செல்வினுக்குப் புது ஆள் கிடைத்துவிட்டால் போதும். சீலா மீனை வைக்கும்போதே கதையைத் தொடங்கிவிட்டார். அவர் என்னை முதன்முதலில் பார்த்த இந்தக் கதை தெரியாத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. அப்போது திருப்பத்தில் தார் டிரம் ஒன்றை வைத்து, சுற்றித் திரும்புகிறவர்களின் கையில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். வளையம் இல்லாமல் முடிவுக்கு வந்தால் குறுக்கே புகுந்து வந்தவர் என்று அர்த்தம். துறைமுக விளையாட்டு மன்றத்தில் இருந்து அந்த வேலைக்கு வந்தவர் இவர்.

"அன்னைக்கு வெயிலுன்னா வெயிலு, சார். ஆம்பளையாளுக எல்லாரும் திரும்பிப் போயிட்டாவ. பொம்பளப் புள்ளைக வரணும். வெயில்ல வர்ற புள்ள மயங்கிரப்படாதேன்னு டிரம்ம உருட்டிட்டு வந்து பூவரச மரத்து நெழல்ல வச்சேன். ஒரு செம்புத் தண்ணியும் வச்சிருந்தேன். மொத ஆளா இவ வாரா. வளையத்த மாட்டிட்டு, மெதுவாப் போங்க, இன்னும் தூரம் கெடக்குன்னு சொன்னேன். என்ன சொன்னாத் தெரியுமா? மெதுவாப் போறதுக்கா வந்தேன், கைய விடுங்கன்னா!"

சுதர்சனம் நன்றாகச் சிரித்தார். "சார், சினிமாவே எடுக்கலாம்" என்றார். இன்னொரு மீன் கேட்டார். சங்கச் செயலாளரும் லைனில் இருந்தால்தான் வாக்குமூலம் செல்லுமாம், டிசம்பர் ஒன்பதாம் தேதி கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பாத்திரம் தேய்த்தேன். அவர் தேய்க்கிறேன் என்றார், விடவில்லை.

நவம்பர் 25, திங்கள்

மக்ரூன் நமுத்துப்போய்விட்டது.

நவம்பர் 26, செவ்வாய்

மரங்கள் பட்டுப்போகும், வேறிடத்தில் முளைக்கும். முப்பது வருடத்துக்கு முன்னால் எந்த மரம் எங்கே இருந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கல்வெட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று இருந்திருக்கலாம்.

நவம்பர் 28, வியாழன்

அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டேன். உப்பளப் பக்கம் சும்மா ஒரு நடை போய் வந்தேன். முட்டிக்கு நடை நல்லது என்பார்கள். மரத்தில் இருந்து கல்வெட்டுக்கு நடந்தேன், மறுபடி மரத்துக்கு வந்தேன். ஒரு பர்லாங்கு இருக்கும். மரத்தடியில் நின்றால் கல்வெட்டு தெரியவில்லை, வளைவு மறைக்கிறது. கல்வெட்டுப் பக்கம் மரம் இருந்த சுவடே இல்லை. இரண்டு புறமும் உப்புப் பாத்தி, அதில் எந்த மரம் முளைக்கும்?

உப்பு வாருகிற பெண் ஒருத்தி, "என்னக்கா, எதயும் தொலச்சிட்டியளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

போக ஒரு பர்லாங்கு, வர ஒரு பர்லாங்கு. நானூறு மீட்டர். நானூறு மீட்டருக்கு என்ன நேரம் ஆகும் என்று ஓட்டக்காரி உட்கார்ந்து கணக்குப் போடவேண்டியதில்லை. எனக்கும் வசந்தமணிக்கும் நடுவே உள்ள நாற்பத்தைந்து நொடியில் அது முடியாது. அவ்வளவுதான் எழுதுவேன்.

முப்பது வருடமாக அந்தக் கதையைக் கேட்கிறேன். டிரம்மை உருட்டிட்டு வந்தேன் என்கிற வரி வரும்போது எல்லாரும் அவருடைய கரிசனத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள், நான் பெருமையாகக் கேசரி பரிமாறிக்கொண்டிருப்பேன். உருட்டினார் என்றால் எங்கிருந்து எங்கே என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா?

நவம்பர் 30, சனி

நான் ஒரு பொய்யும் செய்யவில்லை. டிரம் இருந்த இடத்தில் திரும்பினேன். வளையம் வாங்கினேன். ஓடுகிறவள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டா ஓடுவாள்? இன்னும் ஒரு வருடத்தில், மிஞ்சினால் இரண்டு வருடத்தில், தடித்த ஷூ போட்ட எவளோ ஒருத்தி எப்படியும் என்னைத் தள்ளிவிடுவாள். போகிற இடத்தை நானே எதற்கு வலியப் போய்க் கொடுக்க வேண்டும்?

ஆனால் மலர் ஒரே தடவைதான் வரும். வசந்தமணியின் பேரன் புத்தகத்தைத்தான் கேட்கிறான்.

இதை எழுதியிருக்கக்கூடாது.

டிசம்பர் 1, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்து கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டினோம். செல்வின் ஸ்டூலில் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன். இறங்கும்போது வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தார்.

"செருப்புல உப்பு மண்ணு ஏறிக் கெடக்கே. அளத்துப் பக்கம் போனியா?"

"காத்து வாங்கப் போனேன்."

"காத்து வாங்கவா அவ்ளோ தூரம்?"

 செருப்பை எடுத்துப் போய்க் குழாயடியில் கழுவி, சுவரோரம் சாய்த்து வைத்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

ரொட்டி வாங்கப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்து, ரொட்டி இல்லாமல் வந்தார். கடை அடைப்பு என்றார். அந்தக் கடைக்காரன் தன் மகள் கல்யாணத்தன்று கூட ஒரு ஷட்டரைத் திறந்து வைத்திருந்தவன்.

அவருடைய செருப்பை நானும் பார்த்தேன். அதிலும் உப்பு மண்.

டிசம்பர் 5, வியாழன்

இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகப் பழகுகிறோம். காபி வேண்டுமா என்றால் உனக்குச் சிரமம் இல்லையென்றால் என்கிறார். தாங்கமுடியவில்லை. சண்டையாவது போடலாம். எதைப் பற்றிச் சண்டை போட?

வடக்கே எங்கோ நடந்த மாரத்தானில் நம் மாநிலத்துப் பெண் ஒருத்தி ஓடினாள் என்று கேள்விப்பட்டு மதியம் முழுக்க போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மணி ஐம்பத்து நான்கு நிமிடம், என் நேரத்தை எட்டவில்லை. அப்பாடா என்றிருந்தது. உடனே சீ என்றும் இருந்தது. இருபது வயதுப் பெண், வாந்தி எடுத்துக்கொண்டே ஓடினாளாம். அவள் தோற்றதற்கு நான் மூச்சு விடுகிறேன்!

டிசம்பர் 8, ஞாயிறு

செல்வினின் தங்கை ஜாய்ஸ் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். கோவிலில் இருந்து வந்து, மாடியில் பந்தல் போட்டுச் சாப்பாடு. பிரியாணி நன்றாக இருந்தது, கத்தரிக்காயில்தான் காரம் ஜாஸ்தி. ஜாய்ஸின் இளைய மகளைக் கட்டிய புது மருமகன் வீட்டார் ஏழெட்டுப் பேர் நாசரேத்தில் இருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது. ஜாய்ஸ் விடுவாளா?

"எண்ணே, நீங்க மைனியப் பாத்த கதயச் சொல்லுங்க."

வழக்கமாக இதற்குள் எழுந்து நின்றிருப்பார். இன்றைக்கு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் வற்புறுத்தியபின் மெதுவாகத் தொடங்கினார்.

"தொண்ணூத்திரெண்டுல மாரத்தான் நடந்துச்சு. நான் கல்வெட்டுக்கிட்ட டிரம்ம வச்சிக்கிட்டு நின்னேன். நல்ல வெயிலு. இவ வந்தா. வளையத்த மாட்டுனேன். போயிட்டா."

எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"என்னண்ணே இது? பூவரச மரம் எங்க? நெழலுக்கு உருட்டிட்டு வந்தேம்பியளே?"

"மரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயில்லதான் நின்னேன். வயசாயிட்டுல்லா, ஏதோ ஞாபகத்துல உளறியிருப்பேன்."

யாரோ தயிர்ப் பச்சடி கேட்டார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். என் மனசில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். நாளைக்குப் போனில் சொல்லப்போவதை இந்த மனிதர் இன்றைக்கே பழகிப் பார்க்கிறார். எனக்காக. ஒரு தெருநாயிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாத ஆள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது தனக்கு இடது காது மந்தம் என்று கேட்காமலே சொன்னவர். அவர் எனக்காகத் தன் கதையில் இருந்து மரத்தை வெட்டிவிட்டார். நிழல் போனது, செம்புத் தண்ணீர் போனது, மெதுவாகப் போங்கள் என்று சொன்ன அந்த இளவட்டமும் போய்விட்டான். வெயிலில் ஒரு டிரம் மட்டும் நிற்கிறது. இனி செத்தாலும் அவர் மரத்தை மறுபடி நட்டு வைக்க மாட்டார், எனக்குத் தெரியும். இதற்குப் பதிலாக எனக்கு என்ன கிடைக்கும்? ஒரு மலரில் கடைசி வரி.

"மரத்தடியிலதான் நின்னிய" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல எப்சி. கல்வெட்டு."

"எனக்குத் தெரியாதா? திரும்புனவ நானா நீங்களா? கல்வெட்டுல இருந்து பூவரச மரத்துக்கு உருட்டிட்டு வந்திய. தண்ணி வச்சிருந்திய. நான் அந்தத் தண்ணியக் குடிக்கக்கூட இல்ல, திமிரு. ஒழுங்காச் சொல்லுங்க."

நாசரேத்துக்காரர்கள் சிரித்தார்கள். கிழவனும் கிழவியும் கொஞ்சிக்கொள்வதாக நினைத்திருப்பார்கள். செல்வின் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் முதலில் இருந்து சொன்னார்.

டிசம்பர் 9, திங்கள்

பத்தரைக்குப் போன் வந்தது. அலுவலகம் போகவில்லை. ஸ்பீக்கரில் போட்டார் செல்வின். சுதர்சனம் வணக்கம் சொன்னார், செயலாளர் இருமினார். டிரம் எங்கே இருந்தது என்ற கேள்வி வந்ததும் செல்வினுக்கு வாய் வரவில்லை. நேற்று ஐம்பது பேர் முன்னால் சொன்னவருக்கு இன்று வரவில்லை. போனை நான் வாங்கிக்கொண்டேன்.

"சார், டிரம் கல்வெட்டுல இல்ல. நாம காபி குடிச்சோம்லா, அந்த மரத்தடியில இருந்துச்சு."

 அந்த மனிதருக்கு மரம் ஞாபகம் வந்திருக்கும். மீன் சாப்பிட்டபோது கேட்ட கதையும் ஞாபகம் வந்திருக்கும்.

"மேடம், இதை நான் ரெக்கார்ட் பண்ணணும். யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"யோசிக்காமத்தான் சொல்லுதேன். யோசிச்சா சொல்ல மாட்டேன். சட்டுனு எழுதிக்கிடுங்க."

வைத்த பிறகு அடுக்களைக்குப் போய் அழுதேன். நல்லது செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிறையவெல்லாம் இல்லை. கோபத்தில் அழுதேன். லூர்து டீச்சர் மேல், ஷூக்கம்பெனிகள் மேல், வெயில் மேல் கோபம். செல்வின் வாசற்படியில் நின்றார்.

"என்னாலதான எல்லாம்? நான் பேசாம அங்கனயே வெயில்ல நின்னிருந்தா, டிரம்ம நகட்டாம…"

"நின்னிருந்தா நீங்கதான் மயங்கி விழுந்திருப்பிய. அன்னைக்கு எம் பேரக் கேட்டிருக்க மாட்டிய. நான் முறுக்கோட திரும்பிப் போயிருப்பேன். போங்க, போயி வெங்காயத்த உரிங்க."

உரித்தார். இரண்டு பேர் அழுகைக்கும் அது வசதியாகப் போயிற்று.

டிசம்பர் 10, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். பிப்ரவரி நான்காம் தேதி. எழுதி வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். வசந்தமணி கூப்பிடவில்லை. வருடம் தவறாமல் கூப்பிடுவாள். நானும் கூப்பிடவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மலர் நேற்றுத் தபாலில் வந்தது. நானே முத்திரை குத்தி, நானே வீட்டுக்கு எடுத்து வந்தேன். பெண்கள் மாரத்தான் நாற்பத்தேழாம் பக்கம். பத்தாவது, வசந்தமணி, ஈரோடு. படம் வேறு போட்டிருக்கிறார்கள், ரெட்டைச் சடையும் தேய்ந்த ஷூவுமாக. அந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள். மூன்று தடவை மேலிருந்து கீழே வாசித்தேன். நான் எங்கேயும் இல்லை. பட்டியலில் இருந்து விழுந்தவர்களைப் பற்றி யோசித்திருக்கிறேன், விழுந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. சொத்தைப் பல்லைப் பிடுங்கிய மாதிரி. நாக்கு அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ராத்திரி தூங்கினேன்.

காலையில் செல்வின் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, என்னுங்க இது அநியாயம்? உங்களத் தூக்கிப்போட்டுட்டு என்னயப் போட்டிருக்கறாங்க. எனக்கு வேண்டாமுங்க. நான் சங்கத்துக்குப் போயிச் சண்ட போடறேன். கிறிஸ்மசுக்கே விசயம் காதுக்கு வந்துருச்சு, உங்ககிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசறதுன்னுதான் கூப்புடலைங்க."

"சண்ட எல்லாம் வேண்டாம். நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"உன் பேரன்கிட்ட புஸ்தகத்தக் காட்டுனியா?"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

"காட்டுனனுங்க. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறேங்கறான். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, கேட்டுக்கு வெளியிலயாச்சும் போயி நிக்கட்டுமான்னு கேக்கறான்."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரிப்பு நின்றதும் மறுபடி பிடித்துக்கொண்டாள். என்னதான் நடந்தது, பாதைதான் சரியாக இருந்ததாமே, அப்புறம் எப்படிப் பெயரை எடுத்தார்கள்? சொல்லாமல் விடமாட்டேன் என்றாள்.

எனக்குச் சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டிய ஆள் தோசைக்கரண்டியும் கையுமாக அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். போனை அவர் காதில் வைத்தேன், நல்ல காதில்.

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யம்மா வசந்தமணி, அன்னைக்கு வெயிலுன்னா வெயிலு. அந்த ரோட்டுல ஒரே ஒரு பூவரச மரம்மா. எம்புட்டுப் பெருசு தெரியுமா… நூறு பேரு நிக்கலாம்."

ஆறு பேர் நின்றாலே தோள் இடிக்கிற மரம். நான் திருத்தவில்லை. அடுப்பில் ஆப்பம் கருகிக்கொண்டிருந்தது, அதை மட்டும் எடுத்துப்போட்டேன்.